அந்தப் பையனை என்ன செய்வது?

ஒரு சிறுவன் இன்னொரு குழந்தையிடம் பாலியல் அத்துமீறல் செய்தான் என்று செய்தி வந்ததும் "இவனையெல்லாம் வெளியே விடவே கூடாது" என்று எழுதுகிறோம். கோபம் நியாயமானது. ஆனால் 14 வயதில் உள்ளே போகிறவன் என்றைக்காவது வெளியே வரத்தான் போகிறான். அவன் எப்படித் திரும்பி வருகிறான் என்பதில் இன்னொரு குழந்தையின் பாதுகாப்பு இருக்கிறது. சிகிச்சை வேண்டும் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

இந்தப் பிள்ளைகள் திருந்தவே மாட்டார்கள் என்பது உண்மையில்லை. அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் கால்ட்வெல் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 33,783 சிறாரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார். சராசரியாக ஐந்து ஆண்டுகளில் மறுபடி பாலியல் குற்றத்தில் சிக்கியவர்கள் சுமார் 5 சதவீதம். வெளியே தெரியாமல் போனவை இந்தக் கணக்கில் வராது, அதையும் சொல்லியாக வேண்டும். அப்படியிருந்தும் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு.

ஆனால் எல்லோரிடமும் ஆபத்து ஒரே அளவில் இருக்காது. அதை அளக்க ஜே-சோப் 2 போன்ற மதிப்பீட்டு முறைகள் உண்டு. 12 முதல் 18 வயது வரையுள்ள பையன்களுக்கானது அது, அதில் பார்க்க வேண்டியவை 28 அம்சங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வயதில் பிள்ளைகள் வேகமாக மாறுவார்கள். நடப்பது என்ன? பிடிபட்ட வாரத்தில் எழுதியது இரண்டு வருடம் கழித்தும் அப்படியே ஃபைலில் கிடக்கும். அதை வைத்தே முடிவெடுப்பார்கள். ஆபத்து குறைந்த பையனை முரட்டுப் பையன்களோடு ஒரே குழுவில் உட்காரவைத்தால், அங்கே அவன் கற்றுக்கொண்டு வருவது வேறு.

பலன் தருவது குடும்பத்தையும் சேர்த்துச் செய்யும் சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் சார்லஸ் போர்டுயின் குழுவின் 2009 ஆய்வில் ஆபத்து அதிகமுள்ள 48 சிறாரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான கவுன்சலிங் பெற்றவர்களில் 46 சதவீதம் பேர் மறுபடி பாலியல் குற்றத்தில் சிக்கினார்கள். குடும்பத்தோடு சிகிச்சை பெற்றவர்களில் 8 சதவீதம்தான். சின்ன ஆய்வுதான், ஆனாலும் வித்தியாசம் பெரிது. இந்த முறையில் ஒரு தெரபிஸ்ட் கையில் நாலைந்து குடும்பங்கள்தான் இருக்கும். அவரே வீட்டுக்குப் போவார். ஒருவர் தலையில் நாற்பது கேஸைக் கட்டிவிட்டு இதே பலனை எதிர்பார்க்க முடியாது.

வீட்டுப் பாதுகாப்புத் திட்டத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. யார் எந்த அறையில் தூங்குவது, குளிக்கும் நேரம், இரவில் போன் யார் கையில், சின்னப் பிள்ளைகள் வந்தால் பக்கத்தில் எந்தப் பெரியவர் இருப்பது என்று எல்லாவற்றையும் எழுதி, வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும். "பையன் மேல் ஒரு கண் வையுங்கள்" என்று வாயால் சொன்னால் அது திட்டம் ஆகாது. காவலுக்கு அம்மா பெயரை மட்டும் எழுதுவார்கள். அவரோ நைட் ஷிஃப்டுக்குப் போகிறவராக இருப்பார். மூன்று மாதம் எதுவும் நடக்காவிட்டால் "இப்பத்தான் நல்லா இருக்கானே" என்று கதவும் போனும் பழையபடி ஆகிவிடும். திட்டம் பெரும்பாலும் உடைவது இந்தக் கட்டத்தில்தான். அதனால் மாதாமாதம் அதை எடுத்து வைத்துப் பேச வேண்டும்.

பொறுப்பேற்கும் கடிதம் என்று ஒன்று உண்டு, தான் செய்ததை ஒப்புக்கொண்டு பாதிக்கப்பட்ட குழந்தைக்குப் பையன் எழுதுவது. முதல் தடவை எழுதும்போது அநேகமாக "தெரியாம நடந்துபோச்சு, என்னை மன்னிச்சிடு" என்றுதான் வரும். "நடந்துபோச்சு" என்பது "நான் செய்தேன்" என்று மாறும்வரை திரும்பத் திரும்ப எழுதவைக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கும் வரியையும் எடுக்கச் சொல்வது நல்லது, பாதிக்கப்பட்ட குழந்தைமீது அது இன்னொரு சுமை. எழுதி முடித்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிடவும் கூடாது. அந்தக் குழந்தைக்கென்று தனி ஆலோசகர் இருக்க வேண்டும். கடிதத்தைக் கேட்பதா வேண்டாமா என்பது அவர் துணையோடு அந்தக் குழந்தை எடுக்க வேண்டிய முடிவு. வேண்டாம் என்றால் கடிதம் ஃபைலிலேயே இருக்கட்டும்.