டயரின் வயதையும் பாருங்கள்

கெம்பர் வான் (உள்ளேயே தங்கித் தூங்கும் வசதியுள்ள வான்) பராமரிப்புக் கட்டுரையில் எஞ்சின் எண்ணெய், பற்றரி எல்லாம் விளக்கியிருக்கிறீர்கள், சரி. டயரை விட்டுவிட்டீர்களே! இந்த வான் ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்பதால், டயரின் பூ (தரையில் படும் வரிவடிவப் பகுதி) தேயாமலே ரப்பர் காய்ந்து வெடிப்பு விழும். டயரின் பக்கச் சுவரில் டொட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வயதான டயரை, பூ எவ்வளவு இருந்தாலும், நான் நம்பமாட்டேன்.

வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் நிறுத்துபவர்கள் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், உப்புக்காற்று பிரேக் குழாயைக்கூட அரிக்கும். அப்புறம், ட்ரெயிலர் இழுப்பவர்கள் பாரத்தை அதன் அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். பின்னால் கூடினால் வேகத்தில் ஆடத் தொடங்கும். கண்டியிலிருந்து திரும்பும்போது கடுகண்ணாவை இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறையுங்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும்.