பசியோடு நுழைந்த கடை

பயணங்களில் மறக்க முடியாத சாப்பாடு வேண்டுமென்றால் பேர்பெற்ற உணவகங்களில் முன்கூட்டியே இடம் பிடித்து வையுங்கள் என்கிறது நான் படித்த ஒரு பயணக் கட்டுரை. சரி, ஆனால் என் அனுபவம் வேறு. மொழி தெரியாத ஊரில், மழையில் நனைந்தபடி ராத்திரி 10 மணிக்கு ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தேன். அடுப்பை அணைக்கப் போன கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பற்றவைத்தார். சூப்பின் ஆவி மூக்குக்கண்ணாடியை மூடியது. அந்த வாசனையை இன்றைக்கும் மறக்கவில்லை. மூளையில் வாசனையை அறியும் பகுதிக்கும் நினைவு, உணர்ச்சிப் பகுதிகளுக்கும் அவ்வளவு நெருங்கிய தொடர்பு. அப்புறம், விமானத்தின் வறண்ட காற்றில் மூக்கும் நாக்கும் மந்தமாகிவிடும். அங்கே சாப்பிட்டதை வைத்து எந்தச் சமையலையும் எடை போடாதீர்கள். பயணத்தில் ஒரு வேளையையாவது திட்டமில்லாமல் விட்டு வையுங்கள்.