கோடு தெரிந்தால் டியூப் சாகவில்லை

அந்த வீடியோவை இனிமேல் எனக்கு அனுப்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பதினேழு பேர் அனுப்பிவிட்டீர்கள். ஒரு தம்பி மேக்கின்டாஷ் பிளஸ் என்கிற பழைய ஆப்பிள் கணினியைக் குடைந்து மீன் தொட்டியாக்கிய வீடியோதான். பெட்டிக்குள் மீன் நீந்துவதை நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது.

எல்லாரும் கடைசி நிமிடத்தைத்தான் பார்க்கிறீர்கள். முதல் இருபது விநாடியை மறுபடி போட்டுப் பாருங்கள். அந்தத் தம்பி சுவிட்சைப் போடுகிறார். திரையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு வெள்ளைக் கோடு நிற்கிறது. "கடையில காட்டினேன், டியூப் போச்சாம்" என்கிறார். அடுத்த காட்சியில் டியூப், அதாவது திரையின் படக்குழாய், கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள் போகிறது.

டியூப் போகவில்லை. செத்த டியூபில் கோடு வராது. அந்தக் கோடு வர வேண்டுமென்றால் டியூபின் கழுத்துக்குள் இழை சூடாக வேண்டும், பன்னிரண்டாயிரம் வோல்ட் அளவுக்கு மின்சாரம் ஏற வேண்டும், ஒளிப்புள்ளியை மேலும் கீழும் இழுக்கும் சர்க்யூட் ஓட வேண்டும். மூன்றும் ஓடியதால்தான் கோடு வந்தது. ஓடாதது ஒன்றே ஒன்று. இடமிருந்து வலமாக இழுக்கும் சுருளுக்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை. பிளஸ்ஸில் இதற்குப் பெரும்பாலும் சுருளின் வயர் வந்து சேரும் ஜே1 என்கிற கனெக்டரில் சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகப் பற்று) விட்டுப்போனதுதான் காரணம். 1986ல் வந்த அந்த மாடலில் காற்றாடி கிடையாது. போட்டால் சூடாகும், அணைத்தால் ஆறும். வருடக்கணக்கில் விரிந்து சுருங்கி சால்டரில் விரிசல் விழுந்துவிடும். பெட்டியின் இடது பக்கம் ஒரு தட்டு தட்டினால் படம் திரும்பி வரும் என்று அந்தக் காலத்தில் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கனெக்டர் இருக்கும் சர்க்யூட் போர்டு நிற்பது இடது பக்கத்தில்தான். ஒரு தட்டு. அதைக்கூட யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? பினாங்கில் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் நாற்பது வெள்ளிக்கு நானும் ஒரு பிளஸ் வாங்கினேன். இதே கோடு. போர்டைக் கழற்றி வைத்துக்கொண்டு இரண்டு நாள் முழித்தேன். அம்மா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் சால்டர் பிடித்தவர். காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு வந்து போர்டைத் திருப்பி, பூதக்கண்ணாடியை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கனெக்டரின் பின் ஒன்றைச் சுற்றி முடி அளவு கறுப்பு வளையம். "இது ஒட்டவே இல்லடா, சும்மா உட்கார்ந்திருக்கு." பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டு அவரே புதிதாக வைத்தார். அன்று சாயங்காலம் திரை முழுக்க வெளிச்சம். நடுவில் கேள்விக்குறி போட்ட டிஸ்க் மினுக்கியது. "என்னடா கேள்வி கேக்குது?" என்றார் அம்மா. டிஸ்க் போடாவிட்டால் அப்படித்தான் கேட்கும்.

"அவன் காசு, அவன் பொருள், உனக்கென்ன?" என்று எழுதப்போகிறவர்களுக்கு: சரி, அவர் பொருள்தான். ஆனால் "டியூப் போச்சு" என்று அவருக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். அதைத்தான் கேட்கிறேன்.

"ஷாக் அடித்துச் செத்தால் நீ பொறுப்பா?" இது நியாயமான கேள்வி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரின் தண்டை வயரால் உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தோடு இணைத்துவிட்டு, ஒரு கையைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டியூபின் மேல் இருக்கும் ரப்பர் மூடிக்கு அடியில் முனையை நுழைத்து அந்த மின்சாரத்தை இறக்க வேண்டும். டியூபின் கழுத்து விரல் பருமன்தான். போர்டை இழுக்கும்போது அதில் பட்டு உடைந்தால் காற்று உள்ளே போய்விடும், அப்போதுதான் டியூப் நிஜமாகவே போகும். தெரியாதவர்கள் திறக்கவே வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆனால் மீன் தொட்டி செய்ய அதே டியூபை அதே கையால்தானே கழற்றினார்கள்? அப்போது யாரும் ஷாக்கைப் பற்றிக் கவலைப்படவில்லையே.

"எல்சிடி போட்டுக்கலாமே." இதற்குப் பதில் சொல்லும் மனநிலையில் நான் இல்லை.

அப்புறம் அந்தக் கறுப்புப் பை எங்கே போனது? படக்குழாய்க் கண்ணாடி மலேசியாவில் அட்டவணைக் கழிவு, அதாவது அபாயக் கழிவுப் பட்டியலில் உள்ளது, குறியீடு எஸ்டபிள்யூ 110. வீட்டுக் குப்பையோடு போடக்கூடாது.

ஒன்று சொல்கிறேன். அந்தப் பெட்டியின் உள்பக்கச் சுவரில் அதை உருவாக்கிய குழுவின் கையெழுத்துகள் பிளாஸ்டிக்கிலேயே அச்சாகியிருக்கும். வீடியோவில் அதைக் காட்டி எல்லாரும் இதயம் போட்டிருக்கிறீர்கள். போர்டில் சால்டர் வைத்தவர்களின் பெயர் எதிலும் இல்லை. 1972ல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் திறந்தபின் தோட்டத்திலிருந்தும் கம்பம் என்கிற கிராமங்களிலிருந்தும் பஸ் பிடித்துப் போன அக்காக்கள் எத்தனை பேர். புகையில் கண் எரிய எரிய உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்கு இப்போது கை நடுங்குகிறது, டம்ளரை இரண்டு கையால் பிடிக்கிறார். வீடியோவை அவரும் பார்த்தார். "அந்தக் கோட்ட யாருமே பார்க்கலையா?" என்று மட்டும் கேட்டார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

தம்பி, உங்கள் மேல் கோபமில்லை. பை இன்னும் வீட்டில் இருந்தால் உடைக்காதீர்கள், போர்டையும் தூக்கிப் போடாதீர்கள். இன்பாக்ஸில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆயர் ஈத்தாமிலிருந்து நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.