பதிவு கிடைத்தால் வேலை கிடைத்த மாதிரி இல்லை

"பிளாப் தேறி ஜிஎம்சி பதிவும் வந்துவிட்டால் என்எச்எஸ் நேர்காணல் வெறும் சம்பிரதாயம், பாடத்தைப் புரட்டினால் போதும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். பிளாப் என்பது வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் பிரிட்டனில் பதிவு பெற எழுதும் தேர்வு, ஜிஎம்சி அங்கே மருத்துவர்களைப் பதிவு செய்யும் மன்றம், என்எச்எஸ் அந்நாட்டு அரசு மருத்துவச் சேவை. இதை நம்பிப் போகிறவர்கள் பாவம். பதிவு என்பது பிரிட்டனில் மருத்துவம் பார்க்க அனுமதி, அவ்வளவுதான். வேலைக்கு, விளம்பரத்தோடு வரும் 'பெர்சன் ஸ்பெசிஃபிகேஷன்' தகுதிப் பட்டியலை வைத்துப் பொதுவாக ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண் போடுவார்கள்.

நோய் பற்றிய கேள்வியிலும் அவர்கள் பார்ப்பது வேறு. காய்ச்சலோடு ரத்த அழுத்தம் இறங்கும் நோயாளி என்றால், செப்சிஸ் (தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகளே பாதிக்கப்படும் நிலை) என்று பெயர் சொன்னால் மட்டும் போதாது. ஏபிசிடிஇ வரிசையில் (மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு நிலை, உடல் முழுவதும் என்று) பரிசோதனை, ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர், தாமதிக்காமல் ஆன்டிபயாடிக், அப்புறம் எந்தக் கட்டத்தில் சீனியரை அழைப்பீர்கள் என்பதும் வர வேண்டும். நம் ஊரில் படித்த பலர் இந்தக் கடைசிப் பகுதியைப் பலவீனம் என்று நினைத்து விழுங்கிவிடுகிறார்கள். அங்கே அதைச் சொல்லாவிட்டால்தான் பாதுகாப்பற்ற மருத்துவர் என்று நினைப்பார்கள்.

சிகிச்சையில் தவறு நடந்தால் நோயாளியிடம் எப்படிச் சொல்வீர்கள் என்றும் கேட்கலாம். இதற்கு, மருத்துவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் ஜிஎம்சியின் 'குட் மெடிக்கல் பிராக்டிஸ்' வழிகாட்டி இணையத்தில் இலவசம். 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதிப்பைப் படியுங்கள், பழையதை அல்ல.