கூரை மூடினால் சத்தம் வெளியே போகாதா?

'ஸ்பெயினின் மாட்ரிட்டில் உள்ள பெர்னபேயு கால்பந்து மைதானத்தில் கூரையை மூடிக் கச்சேரி நடத்தலாம், அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவே இருக்காது. நகரத்துக்கு வேறு அரங்கே தேவையில்லை' என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு.

2024 மே, ஜூலை மாதங்களில் பாப் பாடகிகள் டெய்லர் ஸ்விஃப்ட், கரோல் ஜி ஆகியோரின் கச்சேரிகள் அங்கே நடந்தன. அக்கம்பக்கத்தினர் இரைச்சல் புகார் கொடுத்தார்கள். செப்டம்பரில் மைதானத்தின் சொந்தக்காரரான ரியல் மாட்ரிட் கால்பந்து கிளப்பே கச்சேரிகளை நிறுத்திவைத்தது. புல்தரை காரணமல்ல: அது ஆறு தட்டுகளாகப் பிரிந்து நிலத்தடிக்குப் போய்விடும்.

சிக்கல் எடையில். சத்தத்தைத் தடுப்பது கனம். தடுப்பின் எடை இரட்டித்தால் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) கூடுதலாகக் குறையும். நகரும் கூரையோ இலகுவாக இருந்தால்தான் நகரும். ஒலியின் அதிர்வெண் (நொடிக்கு எத்தனை அதிர்வு) பாதியானால் அதே 6 டெசிபல் கைநழுவும். பாஸ் எனும் தாழ்ந்த, கனத்த ஒலி, உதாரணமாக 63 ஹெர்ட்ஸ், 5 மீட்டருக்கு மேல் அலைநீளம் கொண்டது. மெல்லிய தகட்டைப் பொருட்படுத்தாது. பாட்டின் வரிகள் கேட்காது, 'தும் தும்' மட்டும் படுக்கையறை வரை வரும். இடுக்கு இருந்தால் இன்னும் மோசம்: பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதிச் சுவர் எவ்வளவு தடித்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. பெர்னபேயுவின் வெளிப்புறம் எஃகுப் பட்டைகளால் ஆன போர்வை, கான்கிரீட் சுவர் அல்ல.

ஒலிபெருக்கியைக் கீழ்நோக்கித் திருப்புவது உயர் அதிர்வெண்ணுக்கு உதவும், பாஸுக்குப் பெரிதாக உதவாது.

'வேறு அரங்கே தேவையில்லை' என்பதற்கு இன்னொன்று: எண்பதாயிரம் பேர் கொள்ளும் மைதானத்தை ஐந்நூறு பேர் கேட்கும் இசைக்குழு என்ன செய்யும்?