அந்த அம்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறையாவது கேளுங்கள்

மீண்டும் ஒரு வரைபடம் என் மேசைக்கு வந்திருக்கிறது. நடுவில் குறுக்காக ஒரு நீண்ட பட்டை, அதன்மேல் ‘பொதுச் சேவைத் தளம்’ என்ற எழுத்து, அதாவது எல்லாத் துறைகளின் அமைப்புகளும் தகவலையும் கட்டளையையும் பரிமாறிக்கொள்ளும் பொது மென்பொருள். பட்டைக்குக் கீழே ஒரே அளவில் நான்கு பெட்டிகள், அவற்றில் மருத்துவ ஆய்வகம், தொழிற்சாலை, மின்கட்டமைப்பு, பணப் பரிமாற்றம் என்ற பெயர்கள். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் பட்டைக்கு ஒரே தடிமனில் ஓர் அம்புக்குறி. சென்ற முறை வந்த வரைபடத்துக்கும் இதற்கும் பெட்டிகளின் பெயர்களைத் தவிர ஒரு வேறுபாடும் இல்லை. வெவ்வேறு துறைகளின் கருவிகளையும் மென்பொருள்களையும் இத்தகைய தளங்களோடு இணைப்பதையே பல ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்துவருபவன் நான். என் வேலை முழுவதும் அந்த அம்புக்குறிகளுக்குள்தான் நடக்கிறது. வரைந்தவர்களுக்கோ அது அரை நொடியில் இழுத்த கோடு. இந்த ஆத்திரத்தை இன்னும் எத்தனை முறைதான் கூட்ட அறையிலேயே விழுங்கிவிட்டு எழுந்து வருவது?

அமைப்புகளை இப்படி ஒரு பொதுத் தளத்தின் வழியே இணைக்கும் சேவை சார்ந்த கட்டமைப்பையே நான் குறைசொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஒவ்வோர் அமைப்பையும் மற்ற ஒவ்வொன்றோடும் நேரடியாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த காலத்தின் அவதியை நானும் பட்டிருக்கிறேன். 10 அமைப்புகள் இருந்தால் 45 இணைப்புகள், அவற்றில் ஒன்றை மாற்றினால் மற்றவை எங்கே அறுந்து விழும் என்று எவருக்கும் தெரியாது. அதிலிருந்து மீளத்தான் சேவை என்ற கருத்து வந்தது. ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பு இந்தக் கட்டமைப்புக்கென 2006-இல் வெளியிட்ட அடிப்படை மாதிரி, வரையறுத்த ஓர் இடைமுகத்தின் (இரு அமைப்புகள் பேசிக்கொள்ளும் வாயிலின்) வழியே ஒரு திறனை அணுகத் தரும் ஏற்பாடே சேவை என்றும், அந்த அணுகல் சேவையின் விவரத்தில் குறித்துள்ள கட்டுப்பாடுகளுக்கும் கொள்கைகளுக்கும் இசைய நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வரையறையின் முற்பாதியை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பிற்பாதியில்தான் ஒரு துறையை இன்னொரு துறையிலிருந்து பிரித்துக் காட்டும் அத்தனையும் இருக்கிறது. அதை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சியதற்குப் ‘பொது’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

எடுத்துக்காட்டு வேண்டுமா? பொதுத் தரவு மாதிரி என்று ஒவ்வொரு முறையும் என் கையில் திணிக்கப்படும் ஆவணத்தில் ‘மதிப்பு’ என்று ஒரு புலம், அதாவது தகவலை நிரப்பும் கட்டம், கட்டாயம் இருக்கும். அதற்குப் பக்கத்தில் ‘அலகு’ என்று இன்னொரு புலம், ‘விருப்பத்திற்குரியது’ என்ற குறிப்போடு இருக்கும். ஆய்வகக் கருவி இரத்தச் சர்க்கரையை 5.2 என்று அனுப்புகிறது. அது லிட்டருக்கு மில்லிமோல் என்றால் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 94 மில்லிகிராம், இயல்பான அளவு. அதே 5.2-ஐ டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று படித்தால் நோயாளி உயிருக்குப் போராடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு அலகுகளும் உலகில் இன்றும் புழக்கத்தில் உள்ளவை. இந்த நிலையில் அலகு எப்படி ஐயா விருப்பத்திற்குரியதாகும்? இன்னொன்றையும் கேளுங்கள். கருவியால் அளக்கக்கூடிய எல்லைக்குக் கீழே முடிவு இருந்தால் ஆய்வகம் ‘0.5-ஐ விடக் குறைவு’ என்று தரும். தளத்தின் புலம் எண்ணை மட்டும்தான் ஏற்கும் என்பதால் ‘விடக் குறைவு’ என்ற குறி எங்கோ வழியில் உதிர்ந்துபோய், 0.5 என்ற துல்லியமான எண்ணாக அது சேமிக்கப்படுகிறது. மருத்துவத் தரவுக்கான எஃப்.எச்.ஐ.ஆர் தரநிலையில் ‘அளவு’ என்ற தரவு வகைக்குள் எண், ஒப்பீட்டுக் குறி, அலகு, அலகுக்கான குறியீடு எல்லாவற்றுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். அந்தத் துறையினர் ஆண்டுக்கணக்கில் விவாதித்து ஏற்படுத்திய இடங்கள் அவை. நம்முடைய பொதுத் தளம் அவற்றை ஒரே பிற்பகலில் தட்டையாக்கிவிடுகிறது.

1999-இல் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை அடைந்த வேளையில் தொலைந்துபோனதற்கும் காரணம் அலகுதான். நியூட்டன்-நொடியில் தர வேண்டிய கணத்தாக்கை (விசையும் அது செயல்படும் நேரமும் சேர்ந்த அளவை) தரையிலிருந்து கலத்தை வழிநடத்திய ஒரு மென்பொருள் பவுண்டு-விசை-நொடியில் தந்துவிட்டது, 4.45 மடங்கு பிழை. அங்கேயாவது எந்த அலகில் தர வேண்டும் என்று இடைமுக ஆவணத்தில் எழுதி வைத்திருந்தார்கள். மென்பொருள்தான் அதை மீறியது. நம் தளங்களில் மீறுவதற்குக்கூட எழுத்தில் ஒன்றும் கிடையாது.

தொழிற்சாலைப் பக்கம் வருகிறேன். உணரியிலிருந்து வரும் மின்னோட்டத்தை 0-இல் தொடங்காமல் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை என்று பழைய பொறியாளர்கள் ஏன் வைத்தார்கள்? அளவு சுழியாக இருக்கும்போதும் கம்பியில் 4 மில்லிஆம்பியர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகும். ‘அளவு சுழி’ என்பதையும் ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதையும் அப்படித்தான் ஒரே ஒரு கம்பியில் பிரித்துக் காட்டினார்கள். அந்த அறிவு வீணாகாமல், தொழிற்சாலைக் கருவிகள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஓபிசி யூஏ நெறிமுறையிலும் வந்து சேர்ந்தது. அதில் ஒவ்வோர் அளவீடும் மதிப்பு, தர நிலை (அதை எவ்வளவு நம்பலாம் என்ற குறி), மூலத்தின் நேரம், சர்வரின் நேரம் என்ற நான்கையும் சுமந்துவர முடியும். நான் பணியாற்றிய ஒரு திட்டத்தில் தளம் அந்த நான்கில் மதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் கொட்டிவிட்டது. ஒரு கொதிகலனின் வெப்ப உணரி பழுதானபோது, ‘இது கடைசியாகக் கிடைத்த மதிப்பு, இதை நம்ப வேண்டாம்’ என்ற தர நிலையோடு கட்டுப்பாட்டுக் கருவி பழைய எண்ணையே அனுப்பிக்கொண்டிருந்தது. திரையிலோ நேர்க்கோடாக, அமைதியாக, பச்சை நிறத்தில் அந்த எண் ஓடியது. ‘இவ்வளவு நேரம் அசையாமல் ஒரு கொதிகலனும் இருக்காதே’ என்று கொதிகலனை இயக்கும் பணியாளர் ஒருவர் சந்தேகப்பட்டு நேரில் போய்ப் பார்த்ததால்தான் விஷயம் தெரியவந்தது. அந்த மனிதரின் கண்ணில் இருந்த அறிவு நம் தளத்தில் இல்லை, இருந்ததையும் நாம்தான் கழித்துக் கட்டினோம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அதைவிட மோசமானது மறுமுயற்சி. பதில் வராவிட்டால் 30 நொடி காத்திருந்து, மூன்று முறை வரை கோரிக்கையைத் திரும்ப அனுப்பு என்று, கோரிக்கைகளெல்லாம் கடந்துபோகும் தளத்தின் நுழைவாயிலில் ஒரே விதியை எல்லாச் சேவைகளுக்கும் பொதுவாக வைத்துவிட்டார்கள். ‘வெப்பநிலை என்ன?’ என்று நூறு முறை கேட்டாலும் ஒன்றும் கெடாது. ‘வால்வைத் திற’ என்பதை மூன்று முறை சொன்னாலும் திறந்த வால்வு திறந்தபடிதான் இருக்கும். ஆனால் ஒரு கலவைத் தொட்டிக்கு ‘இன்னும் 40 லிட்டர் சேர்’ என்ற கட்டளை போனது. பம்ப் அதை முடிக்க 50 நொடி எடுக்கும், முடித்த பிறகுதான் பதில் சொல்லும். நுழைவாயில் 30-ஆவது நொடியில் பொறுமையிழந்து அதே கட்டளையை மறுபடியும் அனுப்பியது. கருவி அதைப் புதிய கட்டளையாகவே வரிசையில் வைத்துக்கொண்டது. இரண்டாவது 40 லிட்டர் பாதி இறங்கியபோது யாரோ நிறுத்தப் பொத்தானை அழுத்தினார்கள். தொட்டி முழுவதும் வீண். பிறகு நடந்த ஆய்வுக் கூட்டத்தில் தளக் குழுவினர் சொன்ன முதல் வாக்கியம், ‘உங்கள் கருவி மிகவும் மெதுவாகப் பதில் தருகிறது’ என்பது. பம்பின் வேகத்தைக் கூட்டு என்று திரவத்திடமா போய்க் கேட்பது? பணப் பரிமாற்றத்தைக் கையாளும் துறையினர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் மீண்டும் செயல்படுத்தாமல் பழைய பதிலையே திருப்பித் தரும் வழக்கத்தை நெடுநாளாக வைத்திருக்கிறார்கள். அந்தத் துறைக்கும் இதே தளத்தில்தான் ஒரு பெட்டி இருந்தது. ஆனாலும் அவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

நேரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மின்நிலையத் தகவல்தொடர்புக்கான ஐஈசி 61850 தரநிலையில், பழுதின்போது இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் செய்தி 3 மில்லிநொடிக்குள் போய்ச் சேர வேண்டும் என்ற வகுப்பு இருக்கிறது. ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்ப்புச் சோதனையின் முடிவு வர நாட்கள் ஆகும். இரண்டுக்கும் ஒரே ‘சேவை நிலை ஒப்பந்தம்’ எழுதி நீட்டுகிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் ஒவ்வொரு சேவையும் 99.9 விழுக்காடு நேரம் இயங்கும் என்று பெருமையாகப் போட்டிருக்கும். ஒரு கோரிக்கை 10 சேவைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தால் மொத்தம் 99 விழுக்காடாக இறங்கிவிடும். ஆண்டுக்கு 9 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்த தடை 87 மணி நேரமாக வளர்ந்துவிடும். இந்தப் பெருக்கலை யாராவது போட்டுப் பார்த்தார்களா என்று கேட்டால் அறையில் அமைதிதான் நிலவுகிறது.

பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன. உலகத்தின் சேவைகளையெல்லாம் ஒரே பொதுப் பதிவேட்டில் காணலாம் என்று ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி ஆகியவை சேர்ந்து நடத்திய யூடிடிஐ பதிவேட்டை 2006-இல் மூடினார்கள். பிறகு அமைப்புகளுக்கு நடுவே செய்திகளைச் சுமந்துசெல்லும் ‘நிறுவனச் சேவைப் பேருந்து’ என்ற மென்பொருள், பிறகு பெரிய மென்பொருளைச் சிறு சிறு சேவைகளாகப் பிரிக்கும் ‘நுண்சேவைகள்’, பிறகு வேறொன்று. எந்தப் பெயரில் வந்தாலும், துறை அறிந்தவர்களை வடிவமைப்பு முடிந்த பிறகு ‘ஒப்புதலுக்காக’ அழைக்கும் வழக்கம் மட்டும் மாறுவதில்லை. ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பு அந்த நிறுவனத்துக்குள் நடக்கும் பேச்சுவார்த்தையின் அமைப்பையே ஒத்திருக்கும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-இலேயே எழுதிவிட்டார். ஆய்வகத்தாரோடும் ஆலைக்காரரோடும் பேசாத ஒரு குழு வரையும் தளத்தில், அவர்களுக்குச் சொல்ல இருந்ததற்கு இடம் எங்கிருந்து வரும்? நான் இதையெல்லாம் எடுத்துச் சொன்னால், ‘அதை மெட்டாடேட்டாவில் போட்டுக்கொள்ளலாம்’ என்ற ஒரே பதில். தரவைப் பற்றிய கூடுதல் குறிப்பான அந்த மெட்டாடேட்டா என்பது நடைமுறையில் யாரும் சரிபார்க்காத, யாரும் படிக்காத ஓர் எழுத்துச் சரம். உயிரைக் காக்க வேண்டிய தகவலைப் போட்டு மூடிவைக்கும் பரண் அது.

பொதுவாக்க வேண்டியவை நிறையவே இருக்கின்றன, அவற்றைத் தாராளமாகப் பொதுவாக்குங்கள். யார் உள்ளே வரலாம் என்ற அடையாளச் சரிபார்ப்பு, சான்றிதழ்களைப் புதுப்பித்தல், லாக் எனும் நிகழ்வுப் பதிவுகளின் சேமிப்பு, கண்காணிப்பு, பதிப்பு மேலாண்மை ஆகியவற்றை ஒவ்வொரு துறையும் தனித்தனியே கட்டிக்கொண்டிருப்பது வீண் செலவு. இவற்றைத் தளம் தாங்கிக்கொண்டால் நானே முதல் ஆளாக நன்றி சொல்வேன். ஆனால் ஓர் எண்ணின் பொருள் என்ன, அதை எவ்வளவு நம்பலாம், எத்தனை நேரத்துக்குள் அது செல்லாக்காசாகும், கட்டளை இரண்டு முறை போனால் என்ன ஆகும், பாதியில் நின்றால் எப்படித் திரும்புவது ஆகியவை துறைக்குச் சொந்தமானவை. அந்தத் துறைகளின் தரநிலைகளில் இவற்றுக்கு ஏற்கெனவே விடைகள் இருக்கின்றன. தளம் அவற்றைச் சிதைக்காமல் சுமந்து சென்றால் போதும், திருத்தி எழுத வேண்டியதில்லை.

இப்போது என் மேசையில் கிடக்கும் வரைபடத்தின் நான்கு அம்புக்குறிகளுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்: அலகு என்ன, தர நிலை எங்கே, காலக்கெடு எவ்வளவு, திரும்ப அனுப்பலாமா கூடாதா. பதினாறு கேள்விகள். ஆய்வகத்தில் மாதிரிகளைக் கையாளுபவரும், ஆலையில் இரவுப்பணி பார்ப்பவரும், மின்நிலையப் பாதுகாப்புப் பொறியாளரும், பணக் கணக்கைச் சரிபார்ப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தப் பதினாறுக்கும் விடை எழுதித் தரும்வரை, இடைமுக ஆவணத்தின் கடைசிப் பக்கத்தில் என் கையொப்பம் விழாது.