தூசி உணரி மட்டும் போதாது

கடலூர் அரசுப் பள்ளிகளில் பிளஸ் ஒன் மாணவர்களுக்குத் தூசி உணரி கொடுத்துக் காற்றுத் தரம் கற்பிக்கலாம் என்ற யோசனை அருமை. ஆனால் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து ஊர்களில் பெரும் தொல்லை வாயுக்கள்தான். துகளில் பட்டுச் சிதறும் ஒளியை அளக்கும் இந்த உணரிக்கு அழுகிய முட்டை நாற்றம் தெரியாது. அங்கே 2004-லேயே ஊர்மக்கள் கையாண்ட வாளி முறையைக் கற்றுக்கொடுங்கள்: காற்றுப் புகாமல் மூடிய பிளாஸ்டிக் வாளிக்குள் டெட்லார் பை (காற்று மாதிரி பிடிக்கும் பிளாஸ்டிக் பை), வாளிக் காற்றைப் பம்பால் உறிஞ்சினால் பை தானாக வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். கந்தக வாயு என்றால் பை 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போயாக வேண்டும், இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். உணரியும் இருக்கட்டும், கூடவே ஈரப்பதத்தையும் பதியுங்கள். விடியற்காலைக் கடலோர ஈரத்தில் துகள் உப்பி, பி.எம். 2.5 (நுண்துகள்) அளவு பொய்யாக ஏறும். ஆலைப் புகைபோக்கியில் அளவெடுப்பது, ஆய்வகப் பரிசோதனை போன்ற வேலைகள் பற்றியும் பிளஸ் ஒன்னிலேயே சொல்லுங்கள். பிளஸ் டூ முடிந்து சொன்னால் அதற்கான படிப்புகளின் விண்ணப்பத் தேதி போய்விடும்.